பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும்

எங்கள் ஊரின் பெயரை நான் இதில் எழுதப்போவதில்லை. எழுதினால் பக்கத்து ஊர்க்காரர் "எங்கடை ஊரிலை இப்பிடி இல்லை" என்று நிம்மதியாகப் படித்து முடித்துவிடுவார்கள். அந்த நிம்மதியை ஒருவருக்கும் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆட்களின் பெயரும் இல்லை. வாசிக்கிறவர்களில் சிலருக்குத் தங்கள் முகம் தெரியும். தெரியட்டும்.

விசயம் ஒரு மரண அறிவித்தல். என் அப்பாவின் மரண அறிவித்தல். யாழ்ப்பாணத்து மரண அறிவித்தல் எப்படித் தொடங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், பாசமிகு தந்தை எல்லாம் பிறகுதான் வரும். முதலில் ஊர். செத்தவர் யார் என்பதைவிட எவடம் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். என் அப்பாவின் அறிவித்தலில் அந்த முதல் வரியை மாற்றச் சொன்னார்கள். நான் மாற்றவில்லை.

அப்போது நாங்கள் சுவிஸில், சூரிச்சுக்குப் பக்கத்தில் ஷ்லீரன் என்ற ஊரில் இருந்தோம். ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் குடியிருப்பு. கணவருக்கு சூரிச்சில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை. எனக்குப் புட்ஸ் வேலை, அதாவது அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்வது. என்னோடு அதே குழுவில் எங்கள் ஊர்க்காரி ஒருத்தி இருந்தாள். ஊரில் அவள் கோயிலடி. நான் கிழக்குப் பக்கம், ஒழுங்கை தாண்டி. ஊரில் இருந்த காலத்தில் நானும் அவளும் ஒரு சொல் கதைத்தது கிடையாது. ஷ்லீரனில் ஒரே தள்ளுவண்டியைத் தள்ளினோம், ஒரே வாளியில் துணி பிழிந்தோம், ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டோம். சுவிஸ் மேற்பார்வையாளருக்கு எங்கள் இரண்டு பேரின் முகமும் ஒன்றுதான். என்னை அவளுடைய பெயரால் கூப்பிடுவார், அவளை என்னுடைய பெயரால் கூப்பிடுவார். நாங்கள் திருத்துவதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து திரும்பிப் பார்ப்போம், பிறகு சிரிப்போம்.

வந்த புதிதில் ரயிலிலும் ட்ராமிலும் தமிழ் முகத்தைக் கண்டால் ஒரு கேள்வி வரும். "நீங்கள் எவடம்?" சுவிஸ்காரன் இதைக் கேட்டால் ஸ்ரீலங்கா என்றதும் விட்டுவிடுவான். எங்கள் ஆட்கள் விடமாட்டார்கள். யாழ்ப்பாணமோ? யாழ்ப்பாணத்தில் எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்? கோயிலடியோ, பள்ளிக்கூடத்தடியோ? உங்கள் வீட்டு வேலியில் நட்ட கதியால்வரைக்கும் வந்துதான் நிற்பார்கள். சாதி என்ற சொல்லை ஒருவரும் வாயால் சொல்வதில்லை. எவடம் என்று கேட்டால் போதும். என் அப்பா பனை ஏறிக் கள்ளுச் சீவினவர். நானே சொல்லிவிட்டேன். இனி ஒருவரும் சுற்றி வளைத்துக் கேட்கத் தேவையில்லை.

வருசங்கள் போகப் போக அந்தக் கேள்வி குறைந்தது. திருந்திவிட்டார்கள் என்று சொல்ல நான் மடைச்சி இல்லை. களைத்துப்போனார்கள். விடிய எழும்பிப் பனிக்குள் வேலைக்கு ஓடுகிறவனுக்கு மற்றவனின் வேலியை எட்டிப் பார்க்க நேரமில்லை. கலியாணப் பேச்சு வந்தால் மட்டும் தூசு தட்டி எடுப்பார்கள். மற்றப்படி எல்லோரும் கையில் துடைப்பானோடு நின்ற ஆட்கள்தான்.

பிறகு ஊருக்கு ஓர் இணையத்தளம் வந்தது.

அந்தக் காலத்தில் ஒவ்வோர் ஊருக்கும் ஒன்று முளைத்தது. எங்கள் ஊருடையதைப் பாசல் நகரத்தில் இருந்த ஒரு தம்பி நடத்தினான். பகலில் ஓர் ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குடுவைகள் கழுவுவான். வீட்டுக்கு வந்தால் அவன்தான் ஊருக்குத் தலைவன் மாதிரி. கனடாவிலும் லண்டனிலும் ஒரு நிர்வாகக் குழு இருந்தது. பக்கத்தைத் திறந்தால் கோயில் மணி அடிக்கும். மேலே எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடும். மரண அறிவித்தலுக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு ஆடி ஆடி எரியும். எழுத்துருவை இறக்காவிட்டால் எல்லாம் பெட்டி பெட்டியாகத் தெரியும். அதற்காகவே எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளுக்கு ஏச்சு விழுந்தது.

எனக்கு அது பிடித்திருந்தது. அதை மறைக்க மாட்டேன். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கு முதலே கணினியைப் போடுவேன். விருந்தினர் பக்கம் என்று ஒன்று இருந்தது. யாரும் எந்தப் பெயரிலும் எழுதலாம். நான் ஒரு பூவின் பெயரில் எழுதினேன். என்னோடு படித்த ஒருத்தியைக் கனடாவில் கண்டுபிடித்தது அங்கேதான். எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் பிரம்பை எங்கே ஒளித்து வைப்பார், அதை யார் கிணற்றுக்குள் போட்டது என்று நான் எழுதியதை வாசித்து அவுஸ்திரேலியாவில் இருந்தும் சிரித்தார்கள். என் வாய் கொஞ்சம் காரமானது. அது அவர்களுக்குப் பிடித்திருந்தது. "அக்கா, உங்கடை எழுத்து இல்லாட்டிப் பக்கம் வெறிச்சோடிக் கிடக்கு" என்று பாசல் தம்பி மின்னஞ்சல் போடுவான்.

ஊர்ப் படங்கள் வேண்டும் என்று அவன் கேட்டபோது நான்தான் ஊரில் இருக்கும் அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் யாரிடமோ கமெரா வாங்கிக் கோயில், பள்ளிக்கூடம், வாசிகசாலை, குளம் எல்லாம் எடுத்து அனுப்பினார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே இருபது முப்பது பேர் உருகி எழுதினார்கள். கோயில் படங்கள் எல்லாமே வெளிவாசலுக்கு இந்தப் பக்கம் நின்று எடுத்தவை. தேர் படம் தெருவில் இருந்து எடுத்தது. ஏன் உள்ளே ஒரு படமும் இல்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அந்தத் தளத்தில் ஊரின் வரைபடம் ஒன்றும் இருந்தது. யாரோ அழகாகக் கீறியிருந்தார்கள். கோயில், கேணி, பள்ளிக்கூடம், சங்கக்கடை, இன்ன வைத்தியர் வீடு, இன்ன உடையார் வளவு. கிழக்கே ஒழுங்கையோடு படம் முடிந்தது. அதற்கு அங்கால் பச்சை நிறம் பூசிப் 'பனந்தோப்பு' என்று எழுதியிருந்தது. அந்தப் பனந்தோப்புக்குள் வீடுகள் உண்டு. பிள்ளைகள் உண்டு. கிணறு உண்டு. அதற்குள்தான் நான் பிறந்தேன். ஒருநாள் விருந்தினர் பக்கத்தில் கேட்டேன், கிழக்குப் பக்கத்து வீடுகள் எங்கே என்று. "இடம் காணவில்லை, அடுத்த முறை சேர்க்கிறோம்" என்று பதில் வந்தது. கணினிப் படத்தில் இடம் போதாமல் போகுமா? எனக்குத் தொழில்நுட்பம் தெரியாது. ஆனால் மனிசரைத் தெரியும்.

இதிலே எனக்கு வயிறு எரிந்தது இன்னொரு விசயத்தில். சண்டைக்குப் பயந்து ஊர் முழுக்க ஓடியபோது எல்லோரும்தான் ஓடினோம். திரும்பிப் போய் இருந்தவர்கள் யார்? கோயிலடியில் பாதி வீடு பூட்டு. உடையார் வளவில் பாம்புப் புற்று. ஆட்கள் கொழும்பிலும் லண்டனிலும் கனடாவிலும். ஊரில் அடுப்பு எரிந்தது எங்கள் பக்கத்தில்தான். ஊரில் நாங்கள் இருந்தோம், இணையத்தில் அவர்கள் இருந்தார்கள். எது ஊர் என்று முடிவு செய்யும் உரிமை மட்டும் இணையத்தில் இருந்தவர்களிடம் இருந்தது.

அப்பா இறந்தது சண்டையால் பாதை பூட்டியிருந்த காலத்தில். யாழ்ப்பாணத்துக்கு நினைத்தபடி போக முடியாது. அண்ணன் தொலைபேசியில் சொன்னபோது நான் ஓர் அலுவலகத்தில் கண்ணாடிக் கதவு துடைத்துக்கொண்டு நின்றேன். என் கூட்டாளி, அந்தக் கோயிலடிக்காரி, வாளியை வைத்துவிட்டு வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அழுதாள். அதை நான் மறக்கவில்லை. எழுத வேண்டியது எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் போக முடியாது. செத்த வீட்டில் நின்று ஒரு வாளி தண்ணீர் ஊற்றவும் முடியாது. மகளாக எனக்குச் செய்யக் கிடைத்தது ஒன்றே ஒன்றுதான். அறிவித்தல் எழுதுவது. உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிற ஊராருக்கு இந்த மனிசன் போய்விட்டார் என்று சொல்வது. எழுதினேன். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட என்று தொடங்கினேன். பல பேருக்கு அந்த வரியில் இரண்டு மூன்று ஊர் வரும், பிறந்தது ஓர் ஊர், இருந்தது கொழும்பு, செத்தது லண்டன் என்று. என் அப்பாவுக்கு ஒரே ஊர். படத்தோடு அனுப்பினேன். என்னுடைய சொந்தப் பெயரில் நான் அந்தத் தளத்துக்கு அனுப்பிய முதல் மின்னஞ்சல் அது.

அன்று வரவில்லை. மற்ற நாளும் வரவில்லை. அதற்கிடையில் லண்டனில் இறந்த வேறொருவரின் அறிவித்தல் வந்தது, விளக்கு எரிந்தது. நான் பாசலுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அக்கா, மனதுக்குச் சரியான கஷ்டமாக் கிடக்கு. அப்பா நல்ல மனிசன் எண்டு கேள்வி."

"நல்ல மனிசனோ கெட்ட மனிசனோ, அறிவித்தல் ஏன் இன்னும் வரேல்லை?"

"அதைத்தான் கதைப்பம் எண்டு இருந்தனான். ஒரு சின்னத் திருத்தம் அக்கா."

"எழுத்துப் பிழையோ?"

"சீச்சீ, உங்கடை எழுத்திலை பிழை வருமே? பிறப்பிடம் எண்டு போட்டிருக்கிறியள் பாருங்கோ, அதைப் பொதுவா யாழ்ப்பாணம் எண்டு போடுவமோ?"

"ஏன்?"

"பொதுவாப் போட்டால் எல்லாருக்கும் விளங்கும்."

"நேற்று லண்டன்காரருக்கு ஊர்ப் பேர் போட்டனீர். அது ஒருத்தருக்கும் விளங்கேல்லையோ?"

"அக்கா, கோவிக்காதேங்கோ. இல்லாட்டிப் பக்கத்து ஊர்ப் பேரைப் போடலாம். உங்கடை பக்கம் அதுக்குக் கிட்டத்தானே."

"தம்பி, என்ரை அப்பா எங்கை பிறந்தவர் எண்டு நீர் எனக்குச் சொல்லப்போறீரோ?"

"நான் அப்பிடிப் பாக்கிற ஆள் இல்லை அக்கா. என்னைத் தெரியும்தானே. கனடாவிலை இருக்கிற ஆக்கள் பிரச்சினை எடுப்பினம்."

"கனடாக்காரருக்கு என்ரை அப்பா செத்ததிலை என்ன பிரச்சினை?"

"செத்ததிலை இல்லை அக்கா."

"அப்ப பிறந்ததிலையோ?"

அவனுக்குப் பின்னால் ட்ராம் போகும் சத்தம் கேட்டது. பிறகு, "அக்கா, வீட்டிலை அண்ணையிட்டைக் குடுங்கோவன், நான் விளங்கப்படுத்திறன்" என்றான். என் கணவர் ஆண்பிள்ளை, அவருக்கு விளங்கும் என்று நினைத்தான். எனக்கு விளங்கவில்லை என்று நினைத்தான். எனக்கு ஐந்து வயதிலேயே விளங்கினதை இவன் எனக்கு விளங்கப்படுத்தப்போகிறானாம். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

கணவர் சோபாவில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உமக்கு விசரோ? மாமா இன்ரநெற்றிலை வந்து பாக்கப்போறாரே?"

"அவர் பாக்கமாட்டார். அவை பாக்கோணும்."

"எங்கடை ஆக்களுக்குப் போன் எடுத்துச் சொன்னால் போதும்தானே."

"எங்கடை ஆக்கள் வேறை, ஊர் வேறையோ?"

"வேறைதான். உமக்கு இப்பத்தான் தெரியுதோ?" என்றார். அவர் சொன்னது உண்மை. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தை ஏற்றியது. உண்மையைத் தெரிந்துகொண்டு சோபாவில் காலை நீட்டி இருப்பவர்களால்தான் அது உண்மையாகவே கிடக்கிறது. இதை அவருக்கும் சொன்னேன். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

நான் கணினிக்கு முன்னால் போய் இருந்தேன். பூவின் பெயரில் விருந்தினர் பக்கத்துக்குள் போய், அறிவித்தலை ஒரு சொல்லும் மாற்றாமல் அப்படியே போட்டேன். கீழே, "இது என் அப்பா" என்று எழுதினேன்.

சற்று நேரத்தில் வந்து குவிந்தன. ஆழ்ந்த அனுதாபங்கள் அக்கா. எங்களைச் சிரிக்க வைத்த அக்கா, அழாதேங்கோ. அப்பாவின் ஆத்மா சாந்தியடையட்டும். நோர்வே, ஜேர்மனி, கனடா. முகம் தெரியாத ஆட்கள். அந்த நேரம் எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் வெட்கம். கண்ணீர் வழிய ஒவ்வொன்றாக வாசித்தேன். பிறகு ஒன்று வந்தது. "அக்கா, இந்தப் பெயரில் ஒருவரை எங்களுக்குத் தெரியவில்லை. நீங்கள் ஊரில் எவடம்?"

கிழக்குப் பக்கம், ஒழுங்கைக்கு அங்கால் என்று எழுதினேன்.

அதன் பிறகு அனுதாபம் நின்றுவிட்டது. குழாயைப் பூட்டினது மாதிரி. முன்னர் எழுதியவர்களில் ஒருவர் தன் பதிவை எடுத்துவிடும்படி கேட்டதாகப் பிறகு அறிந்தேன். செத்தவருக்குச் சொன்ன அனுதாபத்தைத் திருப்பி எடுத்த மனிசரை நீங்கள் கண்டதுண்டா? நான் கண்டேன். யாரோ ஒருவர் ஒரு மிருகத்தின் பெயரில் வந்து, ஊரின் மானத்தைச் சந்திக்குக் கொண்டுவர வேண்டாம் என்று எழுதினார். சாதி பார்க்கிறவருக்கும் புனைபெயர், எனக்கும் புனைபெயர். வித்தியாசம் என்னவென்றால், என்னுடையதை மட்டும் இரண்டு வரியில் உரித்துவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் என் பதிவு காணாமல் போனது. திரும்பப் போட்டேன். எடுத்தார்கள். திரும்பப் போட்டேன். கடைசியில் எங்கள் வீட்டுக் கணினியில் அந்தப் பக்கமே திறக்கவில்லை. வேலியை அடைத்துவிட்டார்கள்.

ஒன்றை நான் தெளிவாகச் சொல்லவேண்டும். இணையம் மனிசரை இணைக்கும் என்று எத்தனை பேர் மேடையில் முழங்கினார்கள். எங்களை இணைத்ததுதான். எப்படி இணைத்தது? ஷ்லீரனில் ஒரே தள்ளுவண்டியைத் தள்ளின இரண்டு பேரைப் பிரித்து, அவளைக் கனடாவில் இருக்கிற கோயிலடியோடு இணைத்தது. களைத்துப்போய்க் கிடந்த சாதிக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து எழுப்பி இருத்தியது. முந்தி ஒருவன் எங்கள் முற்றத்தில் வந்து நின்று பேசப் பயப்படுவான், அப்பாவின் கையில் பாளைக்கத்தி இருக்கும். இப்போது லண்டனில் போர்வைக்குள் படுத்துக்கொண்டு பேசுகிறான்.

அடுத்த நாள் வேலை முடிந்து எஸ்-பான் ரயிலுக்குக் காத்து நின்றபோது என் கூட்டாளி தொடங்கினாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கனடாவில் இருக்கும் அவளுடைய மச்சான் நிர்வாகக் குழுவில் ஒருவர்.

"நீ ஏனடி உதை எல்லாருக்கும் தெரிய எழுதினனி?"

"எதை?"

"எவடம் எண்டு."

"கேட்டவங்கள், சொன்னனான்."

"கேட்டால்? எனக்கு இவ்வளவு காலமும் தெரியும்தானே. நான் ஆருக்கேன் சொன்னனானோ? சொல்லு. வேலையிலை, கோயிலிலை, ஆருக்கேன் ஒரு வார்த்தை சொன்னனானோ?"

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகச் சொன்னாள். இத்தனை வருசமும் எனக்கு ஓர் உபகாரம் செய்து வந்திருக்கிறாள். நான் யாருடைய மகள் என்பது அவளுக்கு ஒரு களவு மாதிரி, ஒரு நோய் மாதிரி, வெளியில் விடாமல் காப்பாற்ற வேண்டிய ஒன்று. ஒரே பார்சலில் சாப்பிட்ட அத்தனை நாளும் அவள் அதை வாய்க்குள் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டிருக்கிறாள். மிருகப் பெயர்க்காரன் எழுதியது எனக்கு உறைக்கவே இல்லை. இது உறைத்தது.

"நீ சொல்லியிருக்கலாம்," என்றேன். "நான் உன்னை மறைக்கச் சொன்னனானோ?"

"நன்மைக்குத்தானடி..."

"ஆற்றை நன்மைக்கு?"

ரயில் வந்தது. நான் வேறு பெட்டியில் ஏறினேன்.

அடுத்த மாதம் ஊர் ஒன்றுகூடல். ஷ்லீரனிலேயே ஒரு மண்டபம் எடுத்திருந்தார்கள். 'ஊர் மக்கள் அனைவரும் வருக' என்று தளத்தில் ஓடிக்கொண்டிருப்பதாக அறிந்தேன். அனைவரும் என்று போட்டிருந்தார்கள். நான் வாசிக்கத் தெரிந்தவள். சேலை உடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். கணவர் கதவடியில் நின்றார்.

"அங்கை போய் என்ன செய்யப்போறீர்?"

"தெரியாது."

"சண்டை பிடிக்கப்போறீரோ?"

"தெரியாது எண்டுதானே சொன்னனான்."

உண்மையாகவே தெரியாது. எங்கள் ஒன்றுகூடல்கள் எல்லாமே ஒரே மாதிரித்தான் தொடங்கும். மங்கல விளக்கு, பிறகு அகவணக்கம். அந்த வருசம் இறந்த ஊராரின் படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள். தளத்தில் அறிவித்தல் வந்தவர்களின் படங்கள்தான். எல்லோரும் எழும்பித் தலையைக் குனிந்து பேசாமல் நிற்க வேண்டும். அப்பாவின் படமும் இருக்குமோ என்று பார்க்கத்தான் போனேன். மனச்சாட்சி உள்ளவன் எவனாவது கடைசி நேரத்தில் சேர்த்திருப்பான் என்று ஒரு சின்ன நம்பிக்கை.

மண்டபம் நிறைந்திருந்தது. என் கூட்டாளி முன்வரிசையில் பட்டுச் சேலையோடு இருந்தாள். பாசல் தம்பி கணினிக்குப் பக்கத்தில் நின்றான். என்னைக் கண்டதும் வயரில் ஏதோ பிழை இருப்பது மாதிரிக் குனிந்துவிட்டான். விளக்கேற்றினார்கள். "எமது மண்ணில் பிறந்து எம்மைவிட்டுப் பிரிந்த உறவுகளுக்காக இரண்டு நிமிட அகவணக்கம்" என்று அறிவிப்பாளர் சொன்னார். எல்லோரும் எழும்பினார்கள். படங்கள் வந்தன. லண்டன்காரர் வந்தார். கொழும்பில் இறந்த ஒரு ரீச்சர் வந்தா. ஊரைவிட்டுச் சின்ன வயதிலேயே போய் ஒருநாளும் திரும்பிப் பார்க்காத ஒரு டொக்டர் வந்தார். அவ்வளவுதான். திரை கறுப்பாகிவிட்டது. எங்கள் மண்ணில் பிறந்து, அந்த மண்ணிலேயே இருந்து, அந்த மண்ணிலேயே செத்த ஒரே மனிசன் அதில் இல்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. அகவணக்கத்தில் ஒருவரும் வாய் திறக்க முடியாது. தலை நிமிர முடியாது. அதைக் குழப்பினவன் என்ற பேர் எடுக்க அந்த மண்டபத்தில் ஒருவனுக்கும் துணிவில்லை. அந்த இரண்டு நிமிடமும் என்னை நிறுத்த ஒருவராலும் ஏலாது.

நான் வாயைத் திறந்தேன். கத்தவில்லை. கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொல்லும் குரலில், ஊரின் பெயரைச் சொன்னேன். பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட என்று சொன்னேன். அப்பாவின் பெயரைச் சொன்னேன். அவருடைய அப்பா அம்மாவின் பெயரைச் சொன்னேன், என் அம்மாவின் பெயரை, அண்ணனின் பெயரை, என் பெயரை. பூவின் பெயரை இல்லை. இன்னும் நேரம் இருந்தது. அதனால் கிழக்குப் பக்கத்தில் எனக்கு நினைவு தெரிந்த நாள் முதலாகச் செத்தவர்களின் பெயர்களையும் சொன்னேன், ஷெல் விழுந்து செத்தவர்கள், பனையால் விழுந்து செத்தவர்கள், காய்ச்சலில் செத்த பிள்ளைகள். ஒருவருக்கும் ஒரு விளக்கும் எரிந்ததில்லை. குனிந்த தலைகள் குனிந்தபடியே நின்றன. அறிவிப்பாளர் குனிந்தபடியே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிடம் இவ்வளவு நீளமா என்று அன்றுதான் எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

"நன்றி, அமருங்கள்" என்று சொல்லி முடிப்பதற்குள் பாசல் தம்பி என்னிடம் ஓடி வந்தான்.

"அக்கா, அகவணக்கத்திலை கதைக்கிறது மரியாதையோ?"

"நீ மறிச்சிருக்கலாமே."

"அகவணக்கத்திலை என்னெண்டு கதைக்கிறது?"

"அதுதான் நானும் யோசிச்சுப் பாத்தனான்."

பக்கத்தில் யாரோ சிரித்துவிட்டு இருமினது மாதிரி நடித்தார். நான் வெளிவாசலுக்குப் போனேன். அங்கே ரோல்ஸ் தட்டோடு நின்ற ஒரு மனிசி என் கையைப் பிடித்தா. வாசிகசாலையடி ஆள், எனக்கு முகம் மட்டும்தான் தெரியும்.

"பிள்ளை, கொப்பர் எப்ப மோசம் போனவர்? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே. எங்கடை வளவுப் பனையெல்லாம் அவர்தானே ஏறினவர். எனக்குக் குடிக்கக் கருப்பணி கொண்டுவந்து தருவார். ஐயோ, ஒருத்தரும் சொல்லேல்லையே."

அறிவித்தல் எதற்கு என்று என் கணவர் கேட்டாரே, இதற்குத்தான். தட்டைக் கீழே வைத்துவிட்டு அந்த மனிசி அழுதா. அப்பாவுக்காக சுவிஸ் நாட்டில் அழுத இரண்டாவது ஆள். முதல் ஆள் உள்ளே பட்டுச் சேலையோடு இருந்தாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். கூட்டாளி தள்ளுவண்டியின் மற்றப் பக்கத்தைப் பிடித்தாள். முதல் மாடி முடிந்ததும் சொன்னாள்: "மைக் இல்லாமலே உன்ரை குரல் முன்வரிசைக்குக் கேட்டது."

"கேக்கத்தானே சொன்னனான்."

"என்ரை மச்சான் சொல்லுறார், நான் இனி உன்னோடை கதைக்க வேண்டாமாம்."

"அப்ப ஏன் கதைக்கிறாய்?"

"அவரோ வந்து வாளி தூக்கப்போறார்?" என்றாள். நான் சிரிக்கவில்லை. அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் பழையபடி ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு மேற்பார்வையாளர் என்னை அவளுடைய பெயரால் கூப்பிட்டபோது, அவள் முதல்முறையாக அவரைத் திருத்தினாள்.

ஒன்றுகூடலை வீடியோப் படம் பிடித்திருந்தார்கள். தளத்தில் போட்டபோது அகவணக்கத்தை வெட்டிவிட்டார்கள். நான் பக்கத்துக் கட்டடத்து ஆட்களின் கணினியில் பார்த்தேன். ஆனால் அவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். எங்கள் சனம் சோறு இல்லாத விழாவைப் பொறுக்கும், அகவணக்கம் இல்லாத விழாவைப் பொறுக்காது. "அகவணக்கம் செய்யாமல் விழா எடுத்தீர்களா?" என்று நோர்வேயில் இருந்து ஒருவர் விருந்தினர் பக்கத்தில் பாய்ந்தார். இறந்தவர்களை மதிக்காத நிர்வாகம் என்று இன்னொருவர். லண்டன்காரரின் மகன் மிகவும் கோபமாக எழுதியிருந்தார். நிர்வாகம் தவித்தது. கடைசியில் அந்த இரண்டு நிமிடத்தையும் திரும்பச் சேர்த்தார்கள், சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டு.

அதுதான் அவர்கள் செய்த மடைத்தனம். சத்தம் இருந்திருந்தால் பாதிப் பேர் கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள். சத்தம் இல்லாத படத்தில், நூறு தலை குனிந்து நிற்க, நடுவில் ஒரு மனிசி மட்டும் நிமிர்ந்து நின்று ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறாள். பார்க்கிறவன் எவனுக்கும் கேட்கத் தோன்றும். கேட்டார்கள். "அந்த அக்கா என்ன சொல்லுறா?" ஒருவரல்ல, பலர். நான் அதே பக்கத்துக் கட்டடத்தில் இருந்து பதில் எழுதினேன், முழு அறிவித்தலையும், முதல் வரியில் இருந்து. எடுத்தார்கள். வேலையிடத்தில் இருந்து எழுதினேன். எடுத்தார்கள். பிறகு ஒருநாள் நான் எழுதாமலே அது அங்கே கிடந்தது. வேறு யாரோ, எழுத்துப் பிழைகளோடு, ஊரின் பெயரில் தொடங்கிப் போட்டிருந்தார்கள். யார் என்று எனக்கு இன்றும் தெரியாது. அதையும் எடுத்தார்கள். இன்னொருவர் போட்டார்.

பிறகு விருந்தினர் பக்கத்தையே மூடிவிட்டார்கள். திருத்தவேலை நடைபெறுகிறது என்று ஓர் அறிவிப்பு ஓடியது. சனம் வேறு வேறு இடங்களுக்குப் போய்விட்டது. கோயில் மணி மட்டும் யாரும் இல்லாத பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

அந்த வீடியோப் படம் மட்டும் தளம் இருந்தவரை அதன் முதல் பக்கத்தில் இருந்தது. அப்பாவுக்கு விளக்கு எரியவில்லை. வரைபடத்தில் பச்சை நிறமும் போகவில்லை. போகட்டும். ஊரைத் தேடி அந்தப் பக்கத்துக்குப் போன எவனும் அந்த இரண்டு நிமிடத்தைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. சத்தம் வராது. ஆனால் உதட்டைப் பார்த்தால் தெரியும், முதலில் சொல்வது ஊரின் பெயர்.